கடலில் ஓடிய பழைய பைபர் படகைக் கண்மாய்க்குத் தயார் செய்வது எப்படி?

மேலூர்ப் பக்கம் கண்மாயில் மீன்பாசிக் குத்தகை எடுத்திருக்கும் ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: "கடற்கரை ஊரான மண்டபத்தில் 18 அடி நீளமுள்ள பழைய பைபர் படகு ஒன்றை வாங்கிவந்து தோப்பில் இறக்கி வைத்திருக்கிறேன். அடிப்பகுதியில் ஒரு முழ நீளத்துக்கு விரிசல் இருக்கிறது. இயந்திரம் மாட்டும் பின்பலகை கையால் அசைத்தாலே ஆடுகிறது. வெளிப்புறம் வெளுத்துப் போய், தொட்டால் கையில் மாவு ஒட்டுகிறது. இப்போது பங்குனி, ஐப்பசியில் கண்மாய் பெருகும்போது படகு தண்ணீரில் இறங்க வேண்டும். கழுவி, விரிசலை ஒட்டி, பெயிண்ட் அடித்துவிட்டால் போதுமா?"

போதாது. ஆனால் நீங்கள் சரியான மாதத்தில் தொடங்கியிருக்கிறீர்கள். இந்தப் படகுக்கு முதலில் தேவைப்படுவது ரெசின் என்ற பிசினோ பெயிண்டோ அல்ல. அதன் உடம்பில் ஊறியிருக்கும் உப்பும் ஈரமும் வெளியேற வேண்டும். அதற்கு மதுரைச் சீமையின் பங்குனி, சித்திரை, வைகாசி வெயிலைவிட நல்ல கருவி எந்தக் கடையிலும் கிடைக்காது. ஈரத்தை உள்ளே வைத்து மேலே பூசி மூடினால், கடலில் இருந்திருந்தால் இன்னும் பல ஆண்டு தாங்கியிருக்கக்கூடிய படகு கண்மாயில் சீக்கிரமே கெட்டுவிடும்.

பைபரில் தண்ணீர் ஏறாது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது பாதிதான் உண்மை. கண்ணாடி இழையையும் பாலியெஸ்டர் ரெசினையும் அடுக்கடுக்காகச் சேர்த்துச் செய்த இந்த உடம்பின் மேல் ஜெல்கோட் என்ற மெல்லிய பூச்சு இருக்கிறது. அதன் தடிமன் அரை மில்லிமீட்டர் அளவுதான். அதன் வழியே நீர் மிக மெதுவாக உள்ளே இறங்கி, ரெசினில் முழுதாக இறுகாமல் மிஞ்சிய பொருள்களைக் கரைத்து, அடுக்குகளுக்கு நடுவே செறிவான ஒரு திரவமாகத் தேங்குகிறது. செறிவு குறைந்த பக்கத்திலிருந்து செறிவு மிகுந்த பக்கத்துக்கு நீர் இழுக்கப்படும் என்பது சவ்வூடு பரவலின் விதி. கடல்நீரில் சுமார் 3.5 சதவீதம் உப்பு இருப்பதால் வெளியிலிருந்து இழுக்கப்படும் நீரின் வேகம் ஓரளவு மட்டுப்படுகிறது. கண்மாய்த் தண்ணீரில் அந்தத் தடை இல்லை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் வேகம் இன்னும் கூடுகிறது. ஆகவே, கடலில் கொப்புளம் காட்டாத படகு நன்னீருக்கு வந்தபின் கொப்புளிப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. கடலைவிடக் கண்மாய் சாதுவானது என்று நம்பி வேலையைக் குறைத்துக்கொள்ள வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

முதல் வேலை கழுவுவது. அடியில் ஒட்டியிருக்கும் கொட்டலசையும் சிப்பியையும் உளியால் கொத்தாமல், மரத்தாலோ கெட்டிப் பிளாஸ்டிக்காலோ ஆன சுரண்டியைச் சாய்வாகப் பிடித்துத் தள்ளி எடுக்க வேண்டும். உளி ஜெல்கோட்டை வெட்டிவிட்டால் நீங்களே நீருக்கு ஒரு வாசல் திறந்துவிட்டதாக ஆகும். சுரண்டிய பிறகும் வெள்ளை வட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும் அடிப்பகுதி சுண்ணாம்புப் பொருள் என்பதால், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதைக் கரைத்துவிடும். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. வட்டத்தின் மேல் மட்டும் தொட்டுவைத்து, நுரைப்பு அடங்கியதும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். போல்ட்டுகளைச் சுற்றியுள்ள துருக்கறைக்கு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் நன்றாக வேலை செய்யும், கையுறை அவசியம்.

கழுவும் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்துப் போர்வெல்கள் பலவற்றில் வருவது உப்புத் தண்ணீர். உப்பை நீக்குவதற்காகக் கழுவுகிறோம் என்பதால், கடைசி இரண்டு முறையாவது நல்ல தண்ணீரால் அலச வேண்டும். ஆர்.ஓ. பழுதுபார்ப்பவர்களிடம் இருக்கும், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை வாங்கி, நீங்கள் ஊற்றும் தண்ணீரையும் படகிலிருந்து வடிந்துவரும் தண்ணீரையும் அளந்து பாருங்கள். இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்றாகும் வரை உப்பு இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். படகின் மூலைகளிலும், குறுக்குப் பலகைகளுக்கு அடியிலும், வலைக் கயிறு உரசிய பள்ளங்களிலும்தான் உப்பு அதிகம் தங்கும்.

கழுவி முடித்த கையோடு, உலர்த்துவதற்கு முன்பாக, கசிவைக் கண்டுபிடித்துவிட வேண்டும். படகைப் பழைய லாரி டயர்களின் மேல், ஓர் அடி உயரத்தில், எல்லா இடத்திலும் தாங்கல் கிடைக்கும்படி நிமிர்த்தி வைத்து, உள்ளே நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விடுங்கள். வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தால், வேர்வை போல ஈரம் அரும்பும் இடங்கள் தெரியும். அவற்றைச் சாக்கட்டியால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியும் அந்த ஒரு முழ விரிசலைத் தவிர வேறு இடங்களும் இருக்கக்கூடும். தண்ணீரை அதற்குமேல் நிரப்ப வேண்டாம். ஒரு லிட்டர் ஒரு கிலோ; மிதக்கும்போது வெளியிலிருந்து தாங்கும் நீர் தரையில் இல்லை என்பதால், அளவு மீறினால் நல்ல இடமும் விரிந்துவிடும்.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. மண்பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்போமே, அதே சோதனைதான். கனமான ஒரு நாணயத்தை விளிம்பில் பிடித்து, படகின் முன்முனையான அணியத்திலிருந்து பின்பலகை வரை, ஒரு சாண் அகலப் பட்டைகளாக வரிசை தவறாமல் தட்டிக்கொண்டே வாருங்கள். அடுக்குகள் ஒட்டியிருக்கும் இடத்தில் சத்தம் இறுக்கமாக, சன்னமாகக் கேட்கும். அடுக்குப் பிரிந்த இடத்தில் சத்தம் பொத்தென்று அமுங்கும். ஒரு பட்டையில் சத்தம் மாறியதும் அங்கேயே நின்று, நான்கு புறமும் தட்டி, எங்கே மீண்டும் இறுகுகிறது என்று பார்த்து எல்லைக்கோடு போடுங்கள். விரிசலின் இரு பக்கத்திலும் இந்த அமுங்கல் எவ்வளவு தூரம் போகிறது என்பதுதான் உங்கள் உண்மையான பழுதின் அளவு. கண்ணுக்குத் தெரியும் கோடு அதன் ஒரு பகுதி மட்டுமே. வழியில் சிறு கொப்புளம் எதையாவது கண்டால், கண்ணாடி அணிந்துகொண்டு ஊசியால் குத்திப் பாருங்கள். பிசுபிசுப்பான நீர் வந்து, புளித்த காடியின் வாடை அடித்தால், நான் மேலே சொன்ன சவ்வூடு பரவல் ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்று அறியலாம்.

மிதவை அறைகளை மறந்துவிடாதீர்கள். பக்கவாட்டிலும் இருக்கைப் பலகைக்கு அடியிலும் மூடிய அறைகளில் தெர்மோகோலோ ஃபோமோ அடைத்திருப்பார்கள். பழைய படகுகளில் அது தண்ணீரை உறிஞ்சி, மிதக்கவைக்க வேண்டிய பொருளே சுமையாகிக் கிடக்கும். ஒவ்வொரு அறையின் தாழ்ந்த மூலையிலும் சிறு துளையிட்டுப் பாருங்கள். நீர் வடிந்தால் மேல்மூடியை அறுத்து, உள்ளிருப்பதை முழுவதும் வாரி எடுத்துவிட வேண்டும். மீண்டும் அடைக்கும்போது வெறும் தெர்மோகோலை வைத்து அதன்மேல் பாலியெஸ்டர் ரெசின் பூசினால், ரெசினில் உள்ள ஸ்டைரீன் அதைக் கரைத்துவிடும். மூடிய கண்ணறை கொண்ட பாலியூரித்தேன் ஃபோம் நல்லது. அது கிடைக்காவிட்டால், மூடி இறுக்கி அடைத்த 20 லிட்டர் பிளாஸ்டிக் கேன்களை அசையாமல் கட்டிவைக்கலாம்; ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 கிலோ சுமையைத் தாங்கும், ஒன்று ஓட்டையானாலும் மற்றவை நிற்கும். கண்மாயில் வலை இழுக்கும்போது ஆட்கள் ஒரே பக்கம் சாய்வது வழக்கம் என்பதால், மிதவை இரு பக்கமும் சமமாக இருக்கட்டும்.

இனி உலர்த்துவது. படகைக் கவிழ்த்து, பனந்தடிகளின் மேல், கீழே காற்று புகும்படி உயர்த்தி வையுங்கள். விரிசலின் தளர்ந்த விளிம்புகளையும், கொப்புளங்களின் தோலையும், அமுங்கிச் சத்தம் கேட்ட இடங்களையும் முதலிலேயே கிரைண்டரால் திறந்துவிட்டால்தான் ஈரம் வெளியேற வழி கிடைக்கும். தேங்கிய திரவத்தில் கரைந்திருக்கும் பொருள்கள் நீரைப் போல ஆவியாகிப் போகாது என்பதால், திறந்த இடங்களை முதல் இரண்டு வாரம் அடிக்கடி நல்ல தண்ணீரால் கழுவிக் கழுவிக் காயவிட வேண்டும். எத்தனை நாளில் காயும் என்று நாள் குறித்துச் சொல்வது சரியாக இராது. படகே சொல்லும்படி இரண்டு சோதனைகள் செய்யுங்கள். ஓர் அடிச் சதுரக் கண்ணாடித்தாளை, ஜெல்கோட் நீக்கிய இடத்தில் வைத்து, நான்கு ஓரமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு பகல் முழுவதும் வெயிலில் விடுங்கள். தாளின் உட்புறம் நீர் பூத்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. இன்னொன்று எடை. பழைய இரும்புக் கடைக்காரர்களிடம் இருக்கும் தொங்கு தராசையும் ஒரு செயின் பிளாக்கையும் வாடகைக்கு எடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஒரு முறையும் பின்பக்கத்தைத் தூக்கி ஒரு முறையும் அளந்து கூட்டினால் படகின் எடை கிடைக்கும். கழுவியவுடன் ஒரு முறை, பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு முறை அதே இடங்களில் கட்டித் தூக்கி அளந்து எழுதிவையுங்கள். எடை குறைவது நின்று, தாளிலும் நீர் பூக்காத நாளில்தான் ரெசின் டப்பாவைத் திறக்க வேண்டும். சித்திரையில் கோடை மழை வந்தால் தார்ப்பாயால் மூடுங்கள். மழை விட்டதும் எடுத்துவிடுங்கள்.

ரெசின் வேலையில் நம் ஊர் வெயில் எதிரியாக மாறுகிறது. கடற்கரையில் வேலை செய்தவர்கள் சொல்லும் அளவை அப்படியே பின்பற்றினால், மதுரையில் 40 டிகிரியைத் தொடும் நாள்களில் டப்பாவிலேயே ரெசின் இறுகி, சூடேறிப் புகைந்துவிடும். பாலியெஸ்டர் ரெசினுக்கு, அதை இறுகவைக்கும் திரவமான கேட்டலிஸ்ட் பொதுவாக எடையில் 1 முதல் 2 சதவீதம். வெப்பம் மிகுந்த நாளில் 1 சதவீதம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கும் கீழே குறைத்தால் ரெசின் எந்நாளும் முழுதாக இறுகாது. இன்னும் நேரம் வேண்டுமென்றால் கேட்டலிஸ்ட்டைக் குறைக்காமல், நேரத்தை மாற்றுங்கள்: பனி உலர்ந்த காலைப் பொழுதில் தொடங்கிப் பத்து மணிக்குள் முடிப்பது, அல்லது வெயில் தாழ்ந்த பிறகு நிழலில் செய்வது. ஒரு தடவைக்கு 200 கிராமுக்கு மேல் கலக்காமல், உயரமான டப்பாவில் வைக்காமல் அகன்ற தட்டில் ஊற்றிவைத்தால் சூடு தேங்காது. ஆடிக்குள் இந்த வேலையை முடித்துவிட வேண்டும். ஆடிக் காற்றில் பறக்கும் புழுதி ஈரமான ரெசினில் படிந்தால் அடுத்த அடுக்கு ஒட்டாது.

எச்சரிக்கை ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ரெசின் இறுகுவதை விரைவுபடுத்தும், ஊதா நிறத்தில் வரும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும், நிறமில்லாத கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கி, அதன் பிறகே கேட்டலிஸ்ட்டை ஊற்ற வேண்டும். கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினையே கேட்டு வாங்குவது இன்னும் பாதுகாப்பு. கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வைக்கு ஆபத்து. இழைத் தூள் தோலில் அரிக்கும், நுரையீரலுக்கும் ஆகாது. முழுக்கைச் சட்டை, கண்ணாடி, முகமூடி இல்லாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள். உடன் வேலை செய்யும் பையன்களுக்கும் அதே பாதுகாப்பைக் கொடுங்கள்.

விரிசலுக்கு வருவோம். மேலே பட்டி பூசி மறைப்பது ஒரு பருவம்கூட நிற்காது. பழைய பாலியெஸ்டரின் மேல் புதியது வேதிமுறையில் ஒன்றாவதில்லை. சொரசொரப்பைப் பற்றிக்கொண்டுதான் நிற்கிறது. ஆகவே பற்றிக்கொள்ள அகலமான இடம் கொடுக்க வேண்டும். உடம்பின் தடிமனுக்குப் பன்னிரண்டு மடங்கு தூரம் சரிவாகத் தேய்ப்பது நல்ல கணக்கு: அங்கே தடிமன் 6 மில்லிமீட்டர் என்றால், விரிசலின் ஒவ்வொரு பக்கமும் 72 மில்லிமீட்டர், அதாவது மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக, நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மெலிந்தும் வர வேண்டும். தேய்த்த இடத்தில் கண்ணாடி இழை வெள்ளையாக, மங்கலாகத் தெரியட்டும். பளபளப்பு எங்கேயாவது மிஞ்சியிருந்தால் அங்கே ஒட்டாது. அசிட்டோனால் துடைத்து, அது ஆவியான பின் அடுக்கத் தொடங்குங்கள். அருகில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது.

அளவு கேட்பீர்கள் என்பதால் கணக்கையும் போட்டுத் தருகிறேன். பழுது 2 அடிக்கு 1 அடி என்றால் பரப்பு ஏறக்குறைய 0.19 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 450 கிராம் உள்ள மேட் என்ற கண்ணாடி இழை விரிப்பு ஓர் அடுக்குக்குச் சுமார் 85 கிராம் ஆகும். அதை நனைக்க அதன் எடையைப் போல இரண்டேகால் முதல் இரண்டரை மடங்கு, அதாவது 200 கிராம் ரெசின், 2 கிராம் கேட்டலிஸ்ட். ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்தால் ஏறக்குறைய 2 மில்லி. ஓர் அடுக்கு இறுகியபின் ஒரு மில்லிமீட்டர் அளவு தடிமன் தரும் என்பதால் ஆறு அடுக்கு வேண்டும். பழைய உடம்பைத் தொடும் முதல் அடுக்கு மேட்டாகவே இருக்கட்டும். அது நன்றாகப் பற்றும். நடுவில் ஓரிரண்டு அடுக்கு சதுர மீட்டருக்கு 610 கிராம் உள்ள ரோவிங் என்ற நெய்த இழைத் துணியை வைத்தால் வலு கூடும். ஒவ்வொரு அடுக்கையும் உருளையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி, வெண்ணிறக் காற்றுக் குமிழ்கள் மறைந்து இழை கண்ணாடி போலத் தெளியும் வரை உருட்டுங்கள். மூன்று அடுக்கு முடிந்ததும் சூடு ஆற விட்டு, பிறகு மற்ற மூன்று. மேல் அடுக்கு காற்றுப் பட்டால் பிசுபிசுப்பாகவே நிற்கும். மெழுகு கலந்த ரெசினைக் கடைசியாகப் பூச வேண்டும், அல்லது மேலே பாலியெஸ்டர் தாளை ஒட்டி மூடி இறுகவிட வேண்டும். முடிந்தால் உட்புறத்திலும் இரண்டு அடுக்கு ஒட்டிவிடுங்கள். எபாக்சி என்ற வேறு வகை ரெசினை வாங்க வசதி இருந்தால் அது இன்னும் உறுதியாகப் பற்றும். ஆனால் எபாக்சிக்கு மேல் பாலியெஸ்டர் ஜெல்கோட் சரியாக ஒட்டாது என்பதால் அங்கே பெயிண்ட்தான் பூச வேண்டும்.

பின்பலகை ஆடுவதற்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே இருக்கும் பிளைவுட் மக்கியதுதான். இயந்திரம் மாட்டிய போல்ட் துளைகள் வழியே நீர் இறங்கியிருக்கும். உட்புறத்திலிருந்து சிறு துளையிட்டு, வெளிவரும் மரத்தூளைப் பாருங்கள்: வெளிறி, உதிரியாக வந்தால் நல்லது, கறுத்து, ஈரமாக, மக்கிய வாடையுடன் வந்தால் மாற்றத்தான் வேண்டும். கண்மாயில் துடுப்பும் கழியும் போதும், இயந்திரம் மாட்டப் போவதில்லை என்றாலும் இதை விட்டுவிடக் கூடாது. படகின் இரு பக்கங்களையும் விரியாமல் பிடித்திருப்பது இந்தப் பலகைதான். உட்பக்கத் தோலை மட்டும் அறுத்தெடுத்து, மக்கிய பிளைவுட்டைச் சுரண்டி நீக்கி, வெளித்தோலை நன்றாக உலரவிட்டு, ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மெரைன் பிளைவுட்டை அளவுக்கு வெட்டி, ஓரங்கள் உட்பட எல்லாப் பக்கமும் ரெசின் குடிக்கவைத்து, பசைபோல் கெட்டியாக்கிய ரெசினில் பதித்துக் கிளாம்ப் போடுங்கள். இறுகியபின் உள்ளே மூன்று அடுக்கு மேட் வைத்து, அடியிலும் பக்கங்களிலும் ஒரு சாண் வரை ஏற்றி ஒட்டுங்கள். பழைய போல்ட் துளைகள் அத்தனையையும் அடைத்துவிடுங்கள்.

கண்மாயில் இந்தப் படகுக்கு அலையால் ஆபத்து இல்லை; தண்ணீருக்கு அடியில் நிற்கும் சீமைக்கருவேல மரத்தின் கட்டைகளாலும், கரையில் பதித்த கற்களாலும்தான் ஆபத்து. பெரியாறு கால்வாய்த் தண்ணீர் வந்து நிரம்பும் மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களில், மேலே தெளிந்த நீர்ப்பரப்பு தெரிந்தாலும் இரண்டு அடிக்குக் கீழே வெட்டிய தூர்கள் ஈட்டிபோல நிற்பதை நீங்களே அறிவீர்கள். ஆகவே அணியத்தின் அடியிலும், கரையில் இழுக்கும்போது உரசும் நடுக்கோட்டிலும் கூடுதலாக இரண்டு அடுக்கு ரோவிங் வைத்து, அதன்மேல் தேயும்போது மாற்றிக்கொள்ளக்கூடிய ரப்பர்ப் பட்டையோ மரச் சட்டமோ பொருத்துங்கள். பட்டையை ஒட்டுங்கள்; உடம்பைத் துளைத்துத் திருகாணி போட வேண்டாம். கண்மாய் வற்றியிருக்கும் இந்த மாதங்களிலேயே படகு போகும் தடத்தில் உள்ள தூர்களைத் தோண்டி எடுத்துவிட்டால் பாதிக் கவலை தீரும்.

வெளுத்துப்போன ஜெல்கோட்டை நனைத்த 400ஆம் எண், பிறகு 600ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்தால் அடியில் நல்ல பூச்சு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று தெரியும். மிஞ்சியிருந்தால் பாலிஷ் போதும். நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள பகுதிக்கு மட்டும் எபாக்சி பிரைமர் பல மெல்லிய பூச்சுகளாகக் கொடுத்து, மேலே பெயிண்ட் அடியுங்கள். நன்னீர் உள்ளே இறங்குவதை இது தாமதப்படுத்தும். கடற்படகுகளுக்கு அடியில் பூசும், செம்பு கலந்த பாசித்தடுப்புப் பெயிண்டை எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். கண்மாயில் கொட்டலசு இல்லை, அந்தச் செம்பு உங்கள் மீன்குஞ்சுகளுக்குத்தான் நஞ்சு. பழைய பூச்சு அதுவாக இருக்கக்கூடும் என்பதால், தேய்த்த தூளையும் கழுவிய நீரையும் கண்மாய்க்குள்ளோ வாய்க்காலுக்குள்ளோ விடாமல், தார்ப்பாயில் சேர்த்து அகற்றுங்கள். கடைசிப் பூச்சு முடிந்து மூன்று வாரமாவது வெயிலில் நின்று, ஸ்டைரீன் வாடை முற்றிலும் போன பின்பே படகு மீன் உள்ள தண்ணீரைத் தொடலாம்.

காகித வேலையும் ஒன்று உண்டு. கடல் மீன்பிடிப் படகுகள் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 1983இன் கீழ் பதிவு செய்யப்படுபவை. விற்றவரிடமிருந்து விற்பனைச் சீட்டை வாங்கிக்கொண்டு, அவர் பெயரில் உள்ள பதிவை என்ன செய்வது என்று அவரையே மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு முடித்துத் தரச் சொல்லுங்கள். அது முடிந்த பிறகு பக்கவாட்டில் எழுதியுள்ள பழைய எண்ணை அழியுங்கள்.

தண்ணீரில் இறக்கும் முதல் நாள் யாரும் ஏற வேண்டாம். இடுப்பளவு ஆழத்தில் மிதக்கவிட்டு, நீங்கள் ஏற்ற நினைக்கும் ஆட்கள், வலை, மீன் ஆகியவற்றின் மொத்த எடைக்கு மணல்மூட்டைகளை வைத்து ஓர் இரவு விட்டுவையுங்கள். பிறகு அந்த மூட்டைகளை ஒரே பக்கமாக நகர்த்தி, விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே எவ்வளவு உயரம் மிஞ்சுகிறது என்று அளந்து, அதைக்கொண்டு எத்தனை பேர் ஏறலாம் என்று முடிவு செய்து, பெயிண்டில் உள்ளே எழுதிவைத்துவிடுங்கள். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் மிதவைச் சட்டை கட்டாயம். கண்மாய் வற்றும் மாதங்களில் படகை வண்டலில் கிடக்கவிடாமல் கரையேற்றி, நீர் வடியும் துளையின் அடைப்பானைக் கழற்றி, நிழலில் பனந்தடி மேல் கவிழ்த்து வையுங்கள். அப்போது ஒரு முறை தட்டிப் பார்த்து, தொங்கு தராசில் எடையையும் அளந்து, இந்த ஆண்டு எழுதிவைத்த கணக்கோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். எடை கூடியிருந்தால், மிதவை அறைகளிலிருந்து தேடத் தொடங்குங்கள்.